வில்லாபுரத்துச் சுவரில் நின்றவர்

வெங்கட்ரமணன் பதிவுத்துறையில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவர். அதில் கடைசிப் பதினோரு வருடம் மதுரையில், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். பத்திரங்களைப் புரட்டிப் புரட்டி அவருக்கு ஒரு கண் அமைந்துவிட்டிருந்தது. ஒரு கையெழுத்தை ஒரு தடவை பார்த்தால் போதும். பத்து வருடம் கழித்து வேறு பத்திரத்தில், வேறு பேரில் அதே கை சுழித்திருந்தால் பிடித்துவிடுவார். சந்தேகமான பத்திரம் வந்தால் மற்ற அலுவலகங்களிலிருந்துகூட அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். ஓய்வு பெற்றபின் அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் போனது. காலையில் நடை, பேப்பர், மத்தியானத் தூக்கம், எஸ்.எஸ். காலனி குடியிருப்போர் சங்கம் என்று நாள் போயிற்று.

போன மாசி மாதம் வில்லாபுரத்துக்குப் போனார். கூட வேலை பார்த்த பாண்டிராஜ் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார். அவரைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்தபோதுதான் அந்தச் சுவரைப் பார்த்தார்.

பழைய நெல் குடோன் ஒன்றின் பக்கவாட்டுச் சுவர் அது. மதுரையில் அந்த நீளத்தில் ஒரு சுவர் சும்மா இருக்காது. காதுகுத்து போஸ்டர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இந்த வருடத்திலிருந்து இந்த வருடம் வரை இந்தக் கட்சிக்கு ஒதுக்கப்பட்டது என்கிற எழுத்து, ஏதாவது ஒன்று இருக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. முழுச் சுவரிலும் தண்ணீர் லாரிக்காக நிற்கும் ஒரு வரிசை வரையப்பட்டிருந்தது. லாரி இன்னும் வரவில்லை. எல்லோரும் முதுகு காட்டி, தெரு முனையைப் பார்த்து நிற்கிறார்கள். பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று பிளாஸ்டிக் குடங்கள். நைட்டியின் மேல் துண்டு போட்ட பெண்கள், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்த கிழவர்.

வெங்கட்ரமணன் பொதுவாக இதையெல்லாம் நின்று பார்க்கிறவர் இல்லை. ஆனால் அந்தப் பெண்களின் விரல்களில் நகம் வரையப்பட்டிருக்கவில்லை. கண் அதில் போய் நின்றது. அப்புறம் மெதுவாக வரிசையின் கடைசிக்குப் போனார்.

கடைசியில் நின்ற ஆளின் கையில் குடம் இல்லை. வெள்ளைச் சட்டை, அக்குளில் சுருட்டி வைத்த மஞ்சள் பை. வலது செருப்பைக் கழற்றிவிட்டு, வலது பாதத்தை இடது பாதத்தின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டு நிற்கிறார்.

அப்படி நிற்கிறவர் உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார் என்று அவர் மனைவி ஜானு கல்யாணமான வருடத்திலிருந்து கேலி செய்துவந்தாள். கியூ எங்கே இருந்தாலும் அதில் அவர் கொக்கு மாதிரிதான் நிற்பார்.

மகள் தீப்தி வரைந்தது. சின்ன வயதிலிருந்தே அவள் விரல்களுக்கு நகம் போடமாட்டாள். தீப்தி இந்த ஊருக்கு வந்திருக்கிறாள். இந்தத் தெருவில் நாள் கணக்காக நின்று வரைந்திருக்கிறாள். வீட்டுக்கு வரவில்லை.

பக்கத்தில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

தீப்தி அவருடைய ஒரே மகள். பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் காலனிப் பூங்காவின் காம்பவுண்டுச் சுவரில் படம் வரைந்தாள். காலனியைப் பெருக்கும் மூன்று பெண்கள் தள்ளுவண்டியோடு போகிற படம். முகம் முகமாக அடையாளம் தெரிந்தது. வெங்கட்ரமணன் அப்போது சங்கச் செயலாளர். சுவர்களை அசிங்கப்படுத்துகிறவர்களைப் பற்றிப் பத்திரிகைக்கு ஆசிரியர் கடிதம் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. நாலு பேர் படம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவர், செயலாளர் வீட்டுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆள் கூப்பிட்டு வெள்ளையடிக்க வைத்தார். தீப்தி மாடியில் நின்று பார்த்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. திங்கட்கிழமை பெருக்க வந்த ராமக்காள் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு அவரிடம், "என்னைய அழிச்சுப்புட்டீகளே சார்" என்று சிரித்தாள். அவரும் அன்றைக்குச் சிரித்துவைத்தார்.

தீப்தி சென்னைக்கு ஓவியம் படிக்கப் போனாள். ஐந்து வருடம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, தபால் கட்டைப் பிரித்தபோது அவர் மேசைக்கு ஒரு திருமண அறிவிப்பு வந்தது. சென்னையில் பதிவுத் திருமணம் செய்கிறவர்களின் சொந்த மாவட்டம் வேறாக இருந்தால், அறிவிப்பின் நகல் அந்த மாவட்ட அலுவலகத்துக்கு வரும். பலகையில் ஒட்ட வேண்டும். மணமகன் இம்மானுவேல், ஓவியர், வத்தலக்குண்டு. மணமகள் தீப்தி, தகப்பனார் பெயர் வெங்கட்ரமணன்.

நகலில் முத்திரை வைத்தார். தேதி போட்டார். பசை தடவி, தன் கையாலேயே பலகையில் ஒட்டினார். முப்பது நாள் அது அங்கே இருந்தது. தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் தன் இடத்துக்குப் போனார். ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. வீட்டில் வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்தன்று காலையில் தீப்தி போன் செய்தாள். அவர் பூஜை அறையில் உட்கார்ந்து, அது அடித்து ஓய்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் நடந்தது. கத்தல் இல்லை, வீட்டுக்கு வராதே என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து வருடம் ஓடிவிட்டது.

டீக்கடைக்காரர் பெயர் விருமாண்டி. டீயைக் கையில் கொடுத்துவிட்டு அவரே பேச்செடுத்தார்.

"படத்தப் பாக்குறீகளா சார். வெளியூர் ஆளுக எல்லாரும் நின்னு பாத்துட்டுத்தான் போறாக. அந்தா குடத்து மேல உக்காந்திருக்காரே, அவரு எங்க சித்தப்பா. பிள்ளையை வச்சிருக்கது மாடி வீட்டுத் தாமரைச்செல்வி. முதுகப் பாத்தே கண்டுபிடிச்சுப்புட்டோம்ல."

"யார் வரைஞ்சாப்பா?"

"ஒரு புள்ள சார். புருசனும் கூட இருந்தாரு. எட்டு நாளு, வெயில்ல சாரத்து மேல நின்னுக்கிட்டு. எங்க ஆளுகள நிக்கவச்சு, உக்காரவச்சு, அம்புட்டு பேருகிட்டயும் பேசிப் பேசித்தான் வரைஞ்சுச்சு. அந்தக் கடைசி ஆளு மட்டும் யாருன்னு தெரியல. இந்த ஏரியாவே இல்ல. நான் கேட்டேன், ஏம்மா, குடமே இல்லாம இவரு எதுக்கு வரிசையில நிக்கிறாருன்னு. அது சிரிச்சுக்கிட்டு, அவரு தண்ணிக்கு வரலண்ணே, சும்மா நிக்கிறாருன்னுச்சு."

வெங்கட்ரமணன் டீயைக் குடித்தார். கால் தானாக மேலே ஏறிவிடக் கூடாது என்று பாதம் இரண்டையும் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வில்லாபுரம் போக ஆரம்பித்தார். ஜானுவிடம் பாண்டிராஜைப் பார்க்கப் போவதாகச் சொன்னார், பாண்டிராஜையும் பார்த்தார். மிச்ச நேரமெல்லாம் சுவரின் முன்னால்தான். பத்திரம் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். எந்த இடத்தில் தூரிகை தயங்கியிருக்கிறது, எந்த இடத்தில் ஒரே இழுப்பில் வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. மற்றவர்களின் முதுகுகள் வேகமாகப் போடப்பட்டவை. கடைசி ஆளின் முதுகு பல தடவை திருத்தப்பட்டிருந்தது. கழுத்துக்குக் கீழே சட்டைக் காலர் நைந்திருந்ததைக்கூட அவள் விடவில்லை. தோள் அவர் நினைத்திருந்ததைவிடக் கொஞ்சம் கூனியிருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பக்கவாட்டாகப் பார்த்துக்கொண்டார். அவள் போட்டிருந்தது சரிதான்.

பங்குனியில் ஒருநாள் கடை வாசலில் நின்று பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். விருமாண்டி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவர் காலையே பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார்.

"சார், தப்பா நெனைக்கக் கூடாது. அது நீங்கதானே?"

வெங்கட்ரமணன் பேப்பரை மடித்தார். "வரைஞ்சது என் பொண்ணு" என்றார்.

விருமாண்டி டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப தினம் மத்தியானம் தூக்குச்சட்டியில சாப்பாடு கொண்டாருவாங்களே ஒரு அம்மா, அவுக உங்க வீட்டு அம்மாங்களா?" என்றார்.

அன்றைக்கு வீடு வந்து சேர்ந்தபோது ஜானு கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வில்லாபுரத்துக்கு எந்த பஸ்ல போனே?"

அவள் கை நிற்கவில்லை. "பெரியார் பஸ் ஸ்டாண்டுல ஏறினா எதுவும் போறது. உங்களுக்குத் தெரியாதா? நீங்களும்தான் ஒரு மாசமா போயிண்டிருக்கேள்."

"பாராயண கிளாஸ்னு சொன்னே."

"சொன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலே?"

ஜானு இலையை உருவி முறத்தில் போட்டாள். "அவ வந்த அன்னிக்குச் சொல்லலாம்னுதான் வந்தேன். சொன்னா நீங்க வருவேளோ, வரமாட்டேளோ. வரலேன்னா அதை அவகிட்ட போய்ச் சொல்ல வேண்டியது நான்தானே. தினம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கறதுக்கு முன்னாடி, 'அப்பாகிட்ட சொன்னியாம்மா?'ன்னு கேப்பா. 'இன்னும் இல்லேடி'ன்னுட்டே எட்டு நாளை ஓட்டிட்டேன். கடைசி ரெண்டு நாள்லதான் உங்களை வரைஞ்சா."

அவர் எழுந்து கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். இத்தனை வருடமாக தீப்திதான் விலகிப் போனாள் என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு நாள், அரை மணி நேர பஸ் தூரத்தில், அவர் பேப்பர் படித்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்திருக்கிறார். அவள் சாரத்தின் மேல் நின்று வழியைப் பார்த்திருக்கிறாள்.

சித்திரை பிறந்ததும் விருமாண்டி ஒரு சேதி சொன்னார். குடோன்காரர் சிவராம் அந்தச் சுவரை ஒரு டியூஷன் சென்டருக்கு விளம்பரத்துக்கு விடப் போகிறார்.

வெங்கட்ரமணன் அன்று மாலையே உட்கார்ந்து மனு எழுதினார். சுவரில் வரைவதை எதிர்த்து எத்தனையோ மனு எழுதிய கை. அதே நடையில், அதே 'மேற்படி', 'எனவே'யோடு, இது வில்லாபுரம் மக்களின் உருவங்கள் அடங்கிய பொது நினைவு; ஒரு ஊரின் வரலாறு கோயில் மதிலில் மட்டும் இல்லை, தண்ணீருக்கு நின்றவர்களும் அதில் சேர்ந்தவர்கள்; மேற்படி சுவரை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று எழுதினார். விருமாண்டியும் தாமரைச்செல்வியும் வீடு வீடாக அழைத்துப் போனார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள். மற்றவர்கள் பெருவிரலை உருட்டினார்கள். வரிசையில் நம் முகம் தெரியவில்லையே, முதுகுக்கு எதற்குக் கையெழுத்து என்று ஒருவர் கேட்டார். கேட்டுவிட்டு அவரும் போட்டார்.

சிவராம் மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டு உட்காரவைத்து மனுவை முழுக்கப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க சார். அந்தப் பொண்ணு வந்து கேட்டப்ப, சுவர் சும்மா கெடக்குதேன்னு சரின்னேன். நிரந்தரமா வச்சுக்கன்னு சொல்லலையே. என் சுவரு சார்" என்றார். மாநகராட்சியிலிருந்து, தனியார் சுவர் என்றால் தாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை என்று பதில் வந்தது. முறைப்படி சரியான பதில். அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அவரும் அதையேதான் எழுதியிருப்பார்.

ஒரு புதன்கிழமை காலையில் போனபோது சுவர் முழுக்க நீலமாக இருந்தது. எழுத்து இன்னும் வரவில்லை. ஈர வாடை அடித்தது. தாமரைச்செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்ச்சாரியில் நின்றிருந்தாள். "நேத்துதான் சார் அடிச்சாங்க. நான் போன்ல எடுத்து வச்சிருக்கேன், வேணுமா?" என்றாள். அவர் தன் போனை நீட்டினார். அவளே அனுப்பிக்கொடுத்தாள். போனில் எல்லோரும் கட்டைவிரல் உயரத்தில் இருந்தார்கள். கடைசி ஆள் பாதி வெட்டுப்பட்டிருந்தார்.

நீலச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பூங்காச் சுவரைப் பார்த்து ராமக்காள் அன்று சொன்னது அப்போதுதான் அவருக்கு முழுசாகக் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து ஜானுவிடம் சொன்னார். அவள் காபி கலந்து கொடுத்துவிட்டு, "கீழக்குயில்குடியில இருக்கா. பள்ளிக்கூடச் சுவத்துல வரையறாளாம். திங்கட்கிழமையிலேர்ந்து" என்றாள்.

"நீயும் வரியா?"

"இன்னிக்கு நீங்க மட்டும் போங்கோ. நான் நாளைக்கு வரேன்."

சமணர் மலை தெரிகிற இடத்தில் பஸ் இறக்கிவிட்டது. பள்ளிக்கு விடுமுறை. காம்பவுண்டுச் சுவரின் ஓரமாகச் சாரம் கட்டியிருந்தது. மேலே, தலையில் துண்டு கட்டி, அவருடைய பழைய அரைக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு தீப்தி நின்றிருந்தாள். அந்தச் சட்டையைக் காணோம் என்று அவர் எப்போதோ தேடியிருக்கிறார்.

அவர் வேலியோரம் நின்றார். கூப்பிடத் தோன்றவில்லை. அவள் தூரிகையைக் கழுவத் திரும்பியபோது பார்த்தாள். சாரத்தின் கம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பிறகு இறங்கி வந்தாள். முகம் கறுத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது.

"எப்படிப்பா வந்தேள்?"

"பஸ்ல."

"வெயிலா இருக்கே. குடை எடுத்துண்டு வரலையா?"

"வில்லாபுரத்துச் சுவத்தை நேத்து அழிச்சுட்டா" என்றார் அவர். அதைச் சொல்லத்தான் வந்ததுபோல வந்துவிட்டது.

"அம்மா இப்பதான் போன்ல சொன்னா. நீங்க மனுவெல்லாம் எழுதினேளாமே."

"பிரயோஜனம் இல்லே."

"சுவர்னா அப்படித்தான்ப்பா. அழிப்பான்னு தெரிஞ்சுதான் வரையறோம்." மலையைக் கையால் காட்டினாள். "அங்கே யாரோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி தன் பேரைப் பாறையில வெட்டி வச்சிருக்கான். அதுக்குக் கொஞ்சம் கீழே போன வருஷம் எவனோ 'பவதாரிணி'ன்னு கீறியிருக்கான். இவனை எல்லாரும் திட்டறா. நானும்தான் திட்டினேன். ஆனா நான் இங்கே இருந்தேன், எனக்கு ஒருத்தி இருந்தாள்னு சொல்லிக்கணும்கிறது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே."

அவர் தலையாட்டினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "பார்க் சுவத்துல அன்னிக்கு வெள்ளையடிச்சது தப்பு. நன்னா இருந்தது அது. அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றார். கல்யாண அறிவிப்பைப் பற்றியும் சொல்ல நினைத்தார். பசை தடவிய விரல் மூன்று நாள் பிசுபிசுத்த மாதிரியே இருந்ததைச் சொல்ல நினைத்தார்.

தீப்தி கண்ணைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் மஞ்சள் வர்ணம் ஒட்டிக்கொண்டது.

இம்மானுவேல் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலங்களோடு பைக்கில் வந்தான். இவரைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தவா வேண்டாமா என்று தடுமாறி, நிறுத்தி, "வாங்க சார்" என்றான். மூன்று பேரும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு பொட்டலத் தயிர்ச்சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். ஊறுகாயை அவள் அவர் பக்கம் தள்ளி வைத்தாள். ஐந்து வருடத்துப் பேச்சு எதுவும் வரவில்லை. மலைக்கு வருகிறவர்கள் பற்றி, பள்ளித் தலைமையாசிரியை ரோகிணி சுவருக்குத் தாமரைக்குளம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது பற்றி, இப்படித்தான் பேச்சு போயிற்று. அவளுடைய குரலைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. போதாமலும் இருந்தது.

கிளம்பும்போது, "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஆத்துக்கு வாங்கோ" என்றார். அவளைப் பார்த்துச் சொல்ல முடியாமல் இம்மானுவேலைப் பார்த்துச் சொன்னார்.

இம்மானுவேல் அவளைப் பார்த்தான். தீப்தி டப்பாவில் நீலத்தில் வெள்ளையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். "வேலை முடியட்டும்ப்பா. பாக்கலாம்" என்றாள்.

அலுவலகத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்று எத்தனை ஆயிரம் மனுக்களில் எழுதியிருப்பார். மறுமுனையில் அதைப் படிக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்ததில்லை. "சரிம்மா" என்றார். "நாளைக்கு அம்மாவை அழைச்சுண்டு வரேன். சாப்பாடு கொண்டு வரோம். வெளியில வாங்காதீங்கோ."

இம்மானுவேல் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தான். பஸ் வரத் தாமதமாயிற்று. இரண்டு பேரும் புளியமரத்து நிழலில் நின்றார்கள்.

"அவ வருவா சார்" என்றான் அவன். "வில்லாபுரத்துல உங்கள வரையறப்ப ரெண்டு தடவ அழிச்சுட்டு இறங்கிட்டா. நான்தான் மறுபடி ஏத்தி விட்டேன். கொஞ்சம் டைம் குடுங்க."

வெங்கட்ரமணன் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார்னு கூப்பிடாதீங்கோ" என்றார்.

"வேற எப்படிக் கூப்பிடட்டும்?"

வளைவில் பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அவன் கையாட்டியதற்குப் பதிலுக்குக் கையாட்டினார். நாகமலை புதுக்கோட்டை தாண்டும்வரை அவன் கேட்டதையே யோசித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் போனதும் ஜானுவிடம்தான் கேட்க வேண்டும்.